கிண்ணத்தில் குறைந்த ஈயம்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வு நிறுவனத்திலிருந்து இரண்டு விஞ்ஞானிகள் கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு மூடிக் கிடந்த, பளிங்குப் படிகம் வளர்க்கும் உலையை மறுபடியும் இயக்கப் போகிறார்களாம். அருமண் தனிமங்களைப் பற்றி இப்போது உலகமெல்லாம் பேச்சு. கைத்தொலைபேசிக்கும் வேண்டும், மின்சாரக் காருக்கும் வேண்டும். அதனால் மேலிடத்துக்குத் திடீரென்று எங்கள் பழைய வேலை ஞாபகம் வந்திருக்கிறது. செய்முறையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள்.

"பியூம் கபேட் வேலை செய்யுதோ?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். உலையின் புகையை உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளும் கூடு அது. வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது திருத்தக் குடுத்திருக்கு மிஸ். எண்டாலும் பழைய டிரெக்டர் சேர் சொன்னவர், உங்கட காலத்தில அது இல்லாமலே வேலை வடிவா நடந்தது எண்டு."

வடிவாக, குறை ஒன்றும் இல்லாமல், நடந்ததாம். அவர்கள் போன பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. செய்முறை கேட்டார்கள் அல்லவா, எழுதுகிறேன். ஆனால் பாதியை எழுதி மீதியை விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. முழுவதையும் படிக்கட்டும்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் கிளார்க். பௌதிகவியல் படித்தேன், புலமைப்பரிசில் கிடைத்து வெளிநாட்டில் பளிங்கு வளர்க்கப் பழகினேன், கலவரமும் போரும் நடந்த நாட்டுக்குத் திரும்பி வந்தேன். அங்கேயே இருந்திருக்கலாமே என்று இன்றைக்கும் உறவினர்கள் கேட்கிறார்கள். அதற்கு நான் பதில் சொல்வதில்லை.

காந்தவியல் ஆய்வு என்றால் உலகத்தில் எல்லோரும் குளிரைத் தேடிப் போவார்கள். திரவ ஹீலியம் வேண்டும் என்பார்கள். கொழும்பில் ஹீலியத்துக்கு எங்கே போவது? குளிர் எங்களுக்குக் கட்டாது, சூடு கட்டும். ஆகவே சூட்டில் வித்தை காட்டும் ஒரு பொருளைத் தேடிப் பிடித்தேன். சமாரியமும் இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த கறுப்புப் பளிங்கு. அதற்குள் ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு சின்னக் காந்தம். பக்கத்துப் பக்கத்துக் காந்தங்கள் எதிரெதிராக நிற்கும். ஆனால் நேர் எதிராக அல்ல, மயிரிழை சாய்ந்து. அந்தச் சாய்வினால் மிச்சப்படும் கொஞ்சக் காந்தம்தான் வெளியே தெரியும். சூடாக்கிக்கொண்டு போனால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அந்த அணிவகுப்பு முழுவதும் ஒரு அச்சிலிருந்து இன்னோர் அச்சுக்குச் செங்கோணமாகத் திரும்பும். எப்போது திரும்புவது என்பதைப் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் அருமண் அணுதான் தீர்மானிக்கிறது. சமாரியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெர்பியத்தை வைத்தால் திரும்பும் வெப்பநிலை இறங்கும். இன்னும் கொஞ்சம் மாற்றினால் இன்னும் இறங்கும். வீணையின் பிரடையைத் திருகிச் சுருதி சேர்ப்பது போலத்தான். ஒரு சாதாரண அறையின் சூட்டில், அதுவும் எங்கள் கொழும்பு அறையின் சூட்டில், திரும்பும் பளிங்கைச் செய்துவிட வேண்டும் என்பது என் ஆசை. தொட்டால் திரும்பும் காந்த ஆளியாக, அதாவது சுவிட்சாக, அது பயன்படும்.

இனிச் செய்முறை. மூலப்பொருட்களின் தூள்களை எடை நிறுத்து ஆட்டுக்கல்லில் அரைப்பது போல அரைக்க வேண்டும். இந்தப் பொருள் இலேசில் உருகாது. ஆகவே அதைக் கரைக்க இன்னொன்று வேண்டும். நாங்கள் பாவித்தது ஈய ஒட்சைட்டும் ஈய புளோரைட்டும். பிளாட்டினக் கிண்ணத்தில் எல்லாவற்றையும் போட்டு, மூடி, நிறுத்து, உலையில் வைத்து வெண்சூட்டுக்குக் கொண்டுபோனால் ஈயம் தண்ணீர் மாதிரியாகும். மற்றதெல்லாம் அதில் கரையும். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, வாரக்கணக்கில் ஆறவிட வேண்டும். ஆற ஆறப் பளிங்கு முளைக்கும். கடைசியில் கிண்ணத்தை மறுபடி நிறுத்து, உறைந்த ஈயத்தைச் சூடான அமிலத்தில் கரைத்துவிட்டால் அடியில் கறுப்புக் கற்கண்டு போலப் பளிங்குகள் மின்னும். உலைக்குப் போகுமுன் இருந்த நிறைக்கும் வெளியே வந்த நிறைக்கும் எப்போதும் வித்தியாசம் இருக்கும். ஈயம் ஆவியாகப் போய்விடும். அந்த ஆவிக்காகத்தான் பியூம் கபேட்.

எங்கள் புகைக்கூட்டின் காற்றாடி நின்று பல காலம். நான் கேட்காத கூட்டம் இல்லை. எங்கள் பணிப்பாளர், எல்லோரும் டிரெக்டர் சேர் என்போம், ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். கழுத்துப்பட்டியின் நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கதைப்பார். அவ்வளவு மெல்லிய குரல். அவர் சொல்வதைக் கேட்பதற்கு நாங்கள் குனிய வேண்டும். குனிந்தால் பாதி சம்மதித்த மாதிரி. உலை அறைக்குள் அவர் வந்ததே இல்லை. வாசலில் நிற்பார், கைகள் முதுகுக்குப் பின்னால்.

"அடுத்த காலாண்டில பாப்பம் மிசிஸ் யோகநாதன். நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்தானே" என்பார்.

அடுத்த காலாண்டு வரும், போகும். ஒருமுறை மேல்மாடிக் கூட்ட அறைக்குப் புகை மணம் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். காற்றாடியைத் திருத்துவார் என்று பார்த்தேன். உலை அறையின் ஜன்னலை ஆணி அடித்து மூடச் சொன்னார். மூடினார்கள்.

அந்த அறையில் அதிகம் நின்றவள் சுகந்தி. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறி, ஒப்பந்த அடிப்படையில் ஆய்வு அதிகாரியாக எங்களிடம் வந்தவள். கொட்டாஞ்சேனையில் அச்சகத்தில் வேலை செய்யும் ரவியை மணந்து அங்கேயே குடியிருந்தாள். உலை அவள் பொறுப்பு, அளவெடுப்பது என் பொறுப்பு. அளப்பதற்கு எங்களிடம் பெரிய கருவி ஏதும் இல்லை. ஒரு பளிங்கை மிக மெல்லிய குவாட்ஸ் இழையில் கட்டி, மின்காந்தத்தின் இரு துருவங்களுக்கு இடையில் தொங்கவிட்டு, சுற்றிச் சூடாக்கினோம். அணிவகுப்பு திரும்பும் நேரத்தில் முழுப் பளிங்கும் இழையோடு சேர்ந்து சுழலும். கண்ணாலேயே பார்க்கலாம். டெர்பியம் கலந்த முதல் பளிங்கு, நாங்கள் எதிர்பார்த்ததற்கும் முன்னாலேயே திரும்பியபோது சுகந்தி கையைத் தட்டிக் கத்தினாள்.

"திரும்பிடுச்சு மேடம்! சத்தியமா திரும்பிடுச்சு!"

பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். என் வேலைக் காலத்தில் அதைவிடச் சந்தோஷமான ஒரு பகல் எனக்கு இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டெர்பியத்தைக் கூட்டிக் கூட்டி வளர்த்தோம். வரைபடத்தில் புள்ளிகள் அழகாக ஒரு கோட்டில் இறங்கின. இன்னும் ஒன்றே ஒன்று, அறைச் சூட்டில் திரும்பவேண்டிய அந்தக் கலவை மட்டும் மிச்சம். அதை உலையில் வைத்த நேரம் நாட்டில் எண்ணெய் இல்லை, எரிவாயு இல்லை, மின்சாரம் நினைத்தபோது நின்றது. மெதுவாக ஆற வேண்டிய கிண்ணம் சடாரென்று ஆறும். மின்சாரம் வந்ததும் மறுபடி வெண்சூட்டுக்கு ஏற்றுவோம். மறுபடி நிற்கும். ஜெனரேட்டர் டிரெக்டர் சேரின் மாடிக்கு மட்டும்தான். மின்சாரம் நிற்கும்போதெல்லாம் சூடு இறங்குவதைக் கவனிக்கச் சுகந்தி உலைக்கு முன்னால் போய் நிற்பாள், ஆணி அடித்த ஜன்னலுக்குப் பக்கத்தில், முகத்தில் ஒரு துணி முகக்கவசத்தோடு.

அந்தக் கிண்ணத்திலிருந்து வந்த பளிங்குகள் கோட்டில் விழவில்லை. வெகு கீழே போய்த் திரும்பின. அதுவும் ஒரே கிண்ணத்துப் பளிங்குகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில்.

வரைபடத்தை டிரெக்டர் சேரிடம் கொண்டுபோனோம். அவர் அதை மேசையில் விரித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் கடைசிப் புள்ளியின் மேல் சுட்டுவிரலை வைத்தார். விரலை எடுக்காமலே, "இப்ப பாருங்கோ, எவ்வளவு நேர்கோடு" என்றார்.

"அது சரியா அளந்ததுங்க சேர்" என்றாள் சுகந்தி. "நாலஞ்சு தடவ அளந்துட்டோம். பளிங்குக்குள்ள வேற என்னமோ போயிருக்கு. அத கண்டுபிடிச்சா அதுவே பெரிய விஷயங்க."

"வெளிநாட்டு மாநாட்டுக்கு நேர்கோடு போதும் பிள்ளை."

சுகந்தி விடவில்லை, நானும் விடவில்லை. கட்டமைப்பைப் பகுத்துப் பார்க்கும் கருவி வைத்திருந்த என் பழைய வகுப்புத் தோழி ஒருத்தி வெளிநாட்டில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பளிங்குகளை அனுப்பினோம்.

அதற்குள் சுகந்திக்கு வயிற்று வலி தொடங்கியிருந்தது. மடிந்து உட்கார்ந்துவிடுவாள். சாப்பாடு இறங்காது, வயிறு இளகாது, முகம் வெளுத்துப்போனது. பாமசியில் கேஸ்ட்ரிக் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவாள். அந்த வருடம் அவளுக்குத் தங்கிய கரு நாலாம் மாதத்தில் கலைந்தது. ஒரு கிழமைக்குள் திரும்பி வந்துவிட்டாள், உலை வேலை நடுவில் நிற்கிறது என்று. ஒருநாள் கண்ணாடிக் குடுவையைத் தூக்கும்போது வலது மணிக்கட்டு தொய்ந்து குடுவை விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு டிரெக்டர் சேர் வாசல் வரைக்கும் வந்தார். அவள் தரையில் கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"தோட்டத்துப் பிள்ளையளுக்கு ரத்தம் குறைவுதானே. சின்ன வயசிலயே சாப்பாடு காணாது. நாங்கள் எடுக்கேக்கையே யோசிச்சிருக்க வேணும்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்குக் கேட்டது. நிமிர்ந்து பார்க்காமல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த கிழமை என் தோழியின் தொலைபேசி வந்தது.

"உன்ர பளிங்குக்குள்ள ஈயம் இருக்குதடி. கொஞ்சநஞ்சம் இல்லை. அருமண் இருக்க வேண்டிய இடத்தில போய்க் குந்தியிருக்கு. அவசரமா ஆறியிருக்கும், ஓட நேரமில்லாமல் அகப்பட்டிருக்கும்."

கோடு தப்பிய காரணம் கிடைத்துவிட்டது. டெர்பியத்தை மாற்றி வைத்தோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, எங்களுக்குத் தெரியாமல் ஈயமும் இடம் மாறியிருந்தது. நல்ல முடிவு. சந்தோஷப்பட வேண்டிய முடிவு. நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தபடியே யோசித்தேன். பளிங்குக்குள்ளேயே இவ்வளவு ஈயம் போயிருந்தால், அந்தக் கிண்ணத்திலிருந்து காற்றில் போனது எங்கே போயிற்று? எழும்பினேன். சுகந்தியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கி முச்சக்கரவண்டி பிடித்தேன்.

"என்னாச்சு மேடம்? எங்க போறோம்?"

"ஆஸ்பத்திரிக்கு."

டொக்டர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த முஸ்லிம் பெண். சுகந்தியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். வலது கை தொய்ந்து தொங்கியது.

"என்ன வேல செய்றீங்க?"

"பளிங்கு வளக்குறோம் டொக்டர்."

"எதுல?"

"ஈய ஒட்சைட்டுல" என்றாள் சுகந்தி. சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இரத்தச் சோதனையின் முடிவு வந்தபோது டொக்டர் கதவைச் சாத்திவிட்டு எங்கள் இருவரையும் இருத்தி விளங்கப்படுத்தினார். ஈயம் உடம்புக்குள் போனால் இரத்தத்தில் மட்டும் நிற்பதில்லை. எலும்பில் கல்சியம் இருக்கவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வருடக்கணக்கில் இருக்கும். மருந்தால் கொஞ்சத்தை எடுக்கலாம், எல்லாவற்றையும் எடுக்க முடியாது.

சுகந்தி கேட்டாள்: "நாலு மாசத்துல கலைஞ்சிச்சு டொக்டர். அதுக்கும் இதுதானா?"

"அப்பிடி உறுதியாச் சொல்ல ஏலாது மகள்."

"இருக்கலாமா?"

டொக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கலாம்" என்றார்.

வெளியே வந்ததும் ரவிக்கு அழைப்பெடுத்தாள். அவனிடம் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். நான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களுக்குள் மிகக் கஷ்டமானவை அவை.

மறுநாள் பிளாட்டினக் கிண்ணத்தையே கையில் எடுத்துக்கொண்டு டிரெக்டர் சேரின் அறைக்குப் போனேன். மேசையில் வைத்தேன்.

"உலைக்குப் போனதைவிடக் குறைஞ்சுதான் இது வெளியில வருது சேர். ஒவ்வொரு முறையும். அந்த ஈயம் எங்க போச்சு?"

"உலைச் சுவரில படிஞ்சிருக்கும்."

"சுகந்தியின்ர எலும்பில படிஞ்சிருக்கு."

கண்ணாடியைக் கழற்றினார். கழுத்துப்பட்டி நுனியை எடுத்தார். "மெதுவாக் கதையுங்கோ. இது வெளியில போனா இன்ஸ்டிடியூட்டுக்குத்தான் கூடாது. அவ மாஸ்க் போட்டுத்தானே வேலை செய்திருக்க வேணும்?"

"துணி மாஸ்க். ஈய ஆவிக்கு அது சல்லடை. ஜன்னலை மூடினது ஆர்? காற்றாடியைத் திருத்தாமல் விட்டது ஆர்?"

"நீங்கள் உணர்ச்சிவசப்படுறீங்கள் மிசிஸ் யோகநாதன்."

ஓம், பட்டேன். இன்றைக்கும் படுகிறேன். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

விசாரணை வைத்தார்கள். தலைமை வகித்தவரும் அவர்தான். தனிப்பட்ட கவனயீனம் என்று முடித்தார்கள். பாதுகாப்பு வசதிகள் எல்லாம் இருந்தன என்று மேற்பார்வையாளராக என்னைக் கையொப்பமிடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். சுகந்தியின் ஒப்பந்தம் முடிந்தபோது அது புதுப்பிக்கப்படவில்லை. அவளும் ரவியும் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டுவிட்டு ஹட்டனுக்குப் போனார்கள். கோட்டை ரயில் நிலையத்தில் வழியனுப்பப் போனேன். பெட்டியை இடது கையால்தான் தூக்கினாள்.

மாநாட்டுக் கட்டுரை வெளிவந்தது. அழகான நேர்கோடு. கடைசிப் புள்ளி இல்லை. சுகந்தியின் பெயர் எங்கும் இல்லை. முதல் பெயர் உலை அறைக்குள் கால் வைக்காதவருடையது. என் பெயரை எடுத்துவிடும்படி எழுதிக் கேட்டேன், எடுத்துவிட்டார்கள். அதை மட்டும் மறுநாளே செய்தார்கள்.

ஓய்வு பெறுவதற்கு எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருந்தது. உலை அறைச் சாவியை வாங்கிக்கொண்டு என்னை நூலகக் குழுவில் போட்டார்கள். ஆனால் அந்தப் பளிங்குகள் என்னிடம் இருந்தன. அளக்கிறதற்கு இழையும் காந்தமும் போதும். ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, எவ்வளவு ஈயம் போனால் திரும்பும் வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தேன். ஹட்டனிலிருந்து சுகந்தி கணக்குகளைச் செய்து அனுப்பினாள். சின்னக் கட்டுரைதான், ஆனால் முதல் பெயர் அவளுடையது. வேறொரு நாட்டில் இதே தொல்லையில் இருந்த ஒரு குழுவினர், தங்கள் பளிங்குகளிலும் ஈயத்தைத் தேடிக் கண்டுபிடித்ததாக அவளுக்கு நேரே எழுதினார்கள். அதை எனக்கு வாசித்துக் காட்டும்போது அவள் குரல் பழையபடி இருந்தது. அவளுக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். சுகந்தி இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கரும்பலகையில் நெடுநேரம் எழுத வலது கை இடம் கொடுப்பதில்லை. குழந்தையின் இரத்தத்தையும் அடிக்கடி சோதிக்கிறார்கள்.

உலையை இயக்கப் போகிறவர்களே, இதுதான் செய்முறை. காற்றாடி சுழலாமல் ஆளியில் கை வைக்காதீர்கள். உங்களைக் கை வைக்கச் சொல்கிறவர் முதலில் அந்த அறைக்குள் வந்து நிற்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த விஞ்ஞானிகள் இருவரும் வந்துபோன பிறகு, ஒரு சனிக்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார். டிரெக்டர் சேர். அவரும் இப்போது ஓய்வு.

"ஆ, மிசிஸ் யோகநாதன். கண்டு எவ்வளவு காலம். சுகமா இருக்கிறீங்களோ?" அதே குரல். நான் குனியவில்லை. அவர்தான் கிட்ட வந்தார். "உலையைத் திரும்பத் தொடங்கப் போகினமாம். நல்ல விஷயம். அந்தக் காலத்தில அந்தத் தோட்டத்துப் பிள்ளையால எங்களுக்கு எவ்வளவு கரைச்சல், என்ன?"

தொல்லையாம். கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே போட்டேன்.

"அவவுக்குப் பேர் இருக்கு. சுகந்தி!" என்றேன். என் குரல் மீன் பகுதி வரைக்கும் போயிருக்க வேண்டும். ஆட்கள் திரும்பினார்கள். "சுகமா வந்த பிள்ளையை ஜன்னலைப் பூட்டி ஈயத்துக்குள்ள நிக்க விட்டது நீங்கள். அவவின்ர கையும் போச்சு, வயித்தில இருந்ததும் போச்சு. கரைச்சல் உங்களுக்கோ?"

"மெதுவா. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்!"

"இது இங்க கதைக்கிற விஷயம் இல்லை."

"கதைக்க வேண்டிய இடத்தில நீங்கள் கதைக்க விடேல்லையே!"

அவர் என்னைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், பிறகு காலி வீதி என்னும் பெருந்தெருப் பக்கமாக விறுவிறு என்று நடந்தார். "மாத்தயா, பேக்!" என்று மரக்கறிக்காரப் பெண், ஐயா என்பதைச் சிங்களத்தில் சொல்லி, முருங்கைக்காய்ப் பையைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

அந்தப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பெட்டியைத் தட்டி என்னை உட்காரச் சொன்னாள். தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"அந்தப் புள்ளைக்கு இப்ப எப்பிடிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

விசாரணை மண்டபத்தில், கூட்டங்களில், நூலகத்தில், என் பிரியாவிடை விருந்தில், எங்கள் நிறுவனத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி அது. பெட்டியில் உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.